24 டிகிரியில் க்ளோ பிளக் எதற்கு என்று கேட்ட ஐயாவுக்கு

சுங்கை சிப்புட் 240டி:
நேற்று இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பழைய டீசல் கார் விடியற்காலையில் கிளம்ப மறுக்கிறது என்று ஒருவர் கேட்டார். அதற்கு ‘தோட்டத்து டிராக்டர்’ ஐயா எழுதிய பதில்: “நம் ஊரில் விடியற்காலையே 24 டிகிரி. இந்த வெப்பத்தில் க்ளோ பிளக் தேவையே இல்லை. பேட்டரியை மாற்று.” (க்ளோ பிளக் என்றால் டீசல் எஞ்சினைக் கிளப்பும் முன் உள்ளே சூடேற்றும் சின்ன மின்சாரக் கருவி.) வண்டி என்ன வண்டி, சூடாக இருக்கும்போது கிளம்புகிறதா, புகை வருகிறதா என்று ஒரு கேள்விகூட இல்லை. கேட்டவர் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கியிருப்பார்.

என்னிடம் 1983-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி இருக்கிறது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் பழையதாக வாங்கியது. போன மாதம் அதற்கும் இதே நோய். காலையில் 20 வினாடி சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் பிடிக்கும். வெள்ளைப் புகை பக்கத்து வீட்டுத் துணிக்கொடி வரை போகும். ஒரு நிமிடம் நொண்டிவிட்டு அப்புறம் சீராகும். மத்தியானம் சாவியைத் தொட்டாலே போதும். நல்ல க்ளோ பிளக் மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். என் நான்கில் இரண்டு அப்படிக் காட்டின. மற்ற இரண்டில் இணைப்பே இல்லை, உள்ளே அறுந்துவிட்டன. அந்த இரண்டையும் மாற்றினேன். முந்தின இரவு பேட்டரியையும் சார்ஜில் போட்டிருந்தேன். மறுநாள் 3 வினாடியில் கிளம்பிவிட்டது.

தோட்டத்து டிராக்டர்:
31 ஆண்டுகள், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பு) முன்னால் இருட்டில் போய் டிராக்டரைக் கிளப்பியவன் நான். மாஸி பெர்குசன் 135. அதில் க்ளோ பிளக் என்ற பொருளே கிடையாது. மழைக்காலத்திலும் ஒரே சுற்று. டீசல் அழுத்தத்தில் எரிவது, தம்பி. அடுப்பு மூட்டி எரிப்பதில்லை. நீங்களே எழுதிவிட்டீர்கள், இரவு பேட்டரியைச் சார்ஜில் போட்டேன் என்று. பிறகென்ன? 24 டிகிரியில் க்ளோ பிளக் எதற்கு?

சுங்கை சிப்புட் 240டி:
ஐயா, உங்கள் 135-இல் இருந்தது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ். அதில் டீசல் நேராகப் பிஸ்டன் தலைமேல் பீய்ச்சப்படுகிறது. என் வண்டியில் டீசல் முதலில் தலைப்பகுதியில் உள்ள ஒரு சின்ன முன்னறைக்குள் போகிறது. அங்கே தீப்பிடித்துத்தான் சிலிண்டருக்குள் வருகிறது. அழுத்தப்பட்ட காற்று அந்தக் குறுகிய அறைக்குள் நுழையும்போதே அதன் சூட்டை இரும்புச் சுவர் குடித்துவிடுகிறது. டீசல் தானாகப் பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது காற்றும் பிஸ்டன் ரிங் வழியே கசிகிறது, சூடும் இறங்குகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் முன்னறைக்குள் க்ளோ பிளக் நுனி சிவக்கச் சுடுகிறது. வெளியே 24 டிகிரி என்றால் அது சுட வேண்டிய நேரம் குறையும், அவ்வளவே. தேவையே இல்லை என்று ஆகிவிடாது.

உங்கள் டிராக்டரிலும் குளிருக்கென்று காற்றுக் குழாயில் தெர்மோஸ்டார்ட் என்ற சூடேற்றியை வைத்துத்தான் விற்றார்கள். 31 ஆண்டுகள் ஓட்டியவர் அதைப் பார்க்கவில்லையா?

பேட்டரிக்கு வருகிறேன். சார்ஜில் போடுவதற்கு முந்தின காலையிலேயே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளந்தேன். 10.4 வோல்ட். 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டும்.

ஈப்போ பட்டறை:
இரண்டு பேரும் தவறு. பழைய பென்ஸ் காலையில் மட்டும் படுத்தினால் முதலில் பார்க்க வேண்டியது டீசல் குழாயில் புகும் காற்று. ரப்பர் குழாய் வெடித்திருக்கும், இரவெல்லாம் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடும். மேடு பார்த்து நிறுத்தினால் இன்னும் மோசம். டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் பழைய வகைக் கைப்பம்பே கசியும். பம்புக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். என் பட்டறைக்கு க்ளோ பிளக் மாற்றிய பிறகு வந்த வண்டிகளே அதிகம்.

சுங்கை சிப்புட் 240டி:
காற்று இருந்தால் முதல் சுற்றுகளில் புகையே வராது. என் வண்டியில் முதல் சுற்றிலிருந்தே வெள்ளைப் புகை. அதாவது டீசல் வந்துவிட்டது, எரியவில்லை. கைப்பம்பையும் 20 முறை அழுத்திவிட்டுக் கிளப்பிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

ஈப்போ பட்டறை:
கைப்பம்பை அழுத்துவதற்கு முன் அதன் தலையைத் திருகித் தளர்த்தினீர்களா?

சுங்கை சிப்புட் 240டி:
அப்பாவின் வண்டியைப் பன்னிரண்டு வயதிலிருந்து துடைத்தவன். இந்தக் கேள்வி எனக்கு அவமானம்.

தோட்டத்து டிராக்டர்:
அவரை ஏன் கடிக்கிறீர்கள்? நியாயமாகத்தானே கேட்டார். தெர்மோஸ்டார்ட் எங்கள் டிராக்டரில் கம்பி கழற்றியே கிடந்தது. யாரும் தேடவில்லை. ஏனென்றால் 24 டிகிரி.

கோல கங்சார் தம்பி:
அண்ணன்மார்களே, எல்லாவற்றுக்கும் காரணம் பி10 டீசல், அதாவது 10 விழுக்காடு செம்பனை டீசல் கலந்தது. 2019 பிப்ரவரியில் அது வந்த பிறகுதான் என் மாமாவின் ஹைலக்ஸும் கெட்டது. செம்பனை எண்ணெய் கலந்தால் இப்படித்தான். 2024 ஜூனில் லிட்டர் விலையையும் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏற்றினார்கள். காசும் போயிற்று, வண்டியும் போயிற்று.

ஆலை ஆய்வுக்கூடம்:
தெரியாமல் பேச வேண்டாம் தம்பி. டீசலில் கலப்பது சமையல் எண்ணெய் அல்ல, செம்பனை எண்ணெயை வேதிமுறையில் மாற்றிச் செய்த மெத்தில் எஸ்டர். அதன் சீட்டேன் எண் சாதாரண டீசலைவிடக் கூடுதல், எளிதாகத் தீப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறி இளகும் என்பது உண்மை, டாங்கியில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்து பில்டரை அடைக்கும் என்பதும் உண்மை. குழாயையும் பில்டரையும் மாற்றினால் முடிந்தது. இந்தச் செம்பனைதான் உங்கள் மாமாவுக்கும் என் அம்மாவுக்கும் சோறு போட்டது.

ஈப்போ பட்டறை:
குழாய் இளகும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். குழாய் இளகினால் என்ன நுழையும்? காற்று.

சுங்கை சிப்புட் 240டி:
என் குழாய்கள் அனைத்தும் போன ஆண்டு மாற்றியவை. பேச்சைத் திருப்ப வேண்டாம்.

ஐயாவுக்கு மறுபடியும் கேட்கிறேன். மத்தியானம் சாவியைத் தொட்டதும் கிளம்பும் அதே வண்டி, காலையில் ஏன் 20 வினாடி கேட்கிறது? சூடான எஞ்சினில் மட்டும் முரண்டு பிடித்தால் டீசல் பம்பு தேய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துத் தேய்ந்த இடைவெளியில் கசியும். என்னுடையது அதற்கு நேர் எதிர். குளிர்ந்த எஞ்சினில்தான் நோய். இன்னும் தெளிவாக வேண்டுமா? நேற்றுக் காலை க்ளோ பிளக் ரிலேயின் 80 ஆம்பியர் பியூஸ் தகட்டைக் கழற்றிவிட்டுக் கிளப்பினேன். அதே பேட்டரி, அதே 24 டிகிரி. 40 வினாடி சுற்றியும் பிடிக்கவில்லை. தகட்டை மாட்டினேன், டேஷ்போர்டில் க்ளோ பிளக் விளக்கு அணையும் வரை காத்திருந்தேன், 3 வினாடி. நல்ல நான்கு க்ளோ பிளக்கும் சுடாமல் இருந்தால் 24 டிகிரியில் என்ன நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தோட்டத்து டிராக்டர்:
அப்படியானால் உங்கள் எஞ்சினில் அழுத்தம் போய்விட்டது. ரிங் தேய்ந்த வண்டிக்குத்தான் ஊன்றுகோல் வேண்டும். நல்ல எஞ்சின் 24 டிகிரியில் தானாக எரியும்.

சுங்கை சிப்புட் 240டி:
என் அப்பாவின் எஞ்சினைக் கிழடு என்று சொல்கிறீர்களா? எண்ணெய் குடிப்பதில்லை, எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை வருவதில்லை. அளக்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் உங்கள் பழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கிளட்ச் பற்றியும் இப்படித்தான் எழுதினீர்கள், நான் மறக்கவில்லை.

தோட்டத்து டிராக்டர்:
கிளட்சும் நான் சொன்னபடிதான் ஆயிற்று.

சுங்கை சிப்புட் 240டி:
ஆகவில்லை. கிளட்ச் தட்டு நன்றாக இருந்தது, கசிந்தது கிளட்சை எண்ணெய் அழுத்தத்தில் தள்ளும் கீழ்ச் சிலிண்டர். அந்த இழையை நாளைக்குத் தேடி எடுத்து இங்கே போடுகிறேன்.

ஆலை ஆய்வுக்கூடம்:
கோல கங்சார் தம்பி இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

கோல கங்சார் தம்பி:
அக்கா, மாமாவிடம் கேட்டேன். பில்டரை ஆறு ஆண்டுகளாக மாற்றவில்லையாம். ஆனாலும் பி10தான் காரணம்.

தோட்டத்து டிராக்டர்:
கிளட்ச் இழையைப் போடுங்கள், பார்ப்போம். அப்படியே இந்தக் கேள்விக்கும் பதில் எழுதுங்கள்: 24 டிகிரியில் எதற்கு?