சுடாமல் திரும்பினால் அது வேட்டையா?

காட்டுப்பாதை (பென்சில்வேனியா)

வசந்தகால வான்கோழி சீசன் முடிந்த கையோடு எங்கள் வட்டத்தில் ஒரே சண்டை. ஒரு சேவலைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு (டேக்) பையில் இருக்கிறது, துப்பாக்கியில் தோட்டா இருக்கிறது, சேவல் 25 கஜத்தில் வந்து நிற்கிறது, நான் சுடவில்லை. இதைச் சொன்னதும் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். "அதுக்கு எதுக்கு இருட்டோட எழுந்து போனே?" என்று கேட்கிறார்கள்.

என் கட்சி இதுதான். இயற்கையில் சேவல் மரத்தின் மேலிருந்து கூவும், பெட்டை அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் பெட்டையின் குரலில் கூப்பிட்டுச் சேவலைத் தன்னிடம் நடந்து வரவைக்கப் பார்க்கிறான். அந்தப் பறவையின் வழக்கத்தையே தலைகீழாகத் திருப்பும் வேலை இது. பாதி நாள் அது 70, 80 கஜத்தில் நின்றுவிடும். வாலை விரித்து, முடிந்தால் நீ வா என்று அங்கேயே நடை போடும். ஒரு அடி முன்னே வராது. அப்படிப்பட்டதை, மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்து, ஸ்லேட் வைத்த அழைப்புக் கருவியில் குச்சியைத் தேய்த்து எழுப்பும் சின்ன முனகலால் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் கஷ்டமான பகுதி அங்கேயே முடிந்தது. நின்றுகொண்டிருக்கும் கோழியை, சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் 12 கேஜ் துப்பாக்கியால் 25 கஜத்தில் சுடுவதற்கு என்ன பெரிய திறமை வேண்டும்?

ஜார்ஜியா மணி

அண்ணே, நீங்கள் சொல்வது பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, எல்லாம் பரிமாறிய பிறகு எழுந்து போகிற மாதிரி இருக்கிறது. வேட்டை என்றால் கறி வீட்டுக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான வழி.

சரி, பார்ப்பதுதான் சந்தோஷம் என்றால் கேமரா எடுத்துக்கொண்டு போங்கள். துப்பாக்கி எதற்கு? இன்னொன்று, அழைத்து ஏமாற்றி அனுப்பிய சேவல் அடுத்த முறை அந்தக் குரலுக்கு வாயை மூடிக்கொள்ளும். பொதுக்காட்டில் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் செய்யும் உபகாரம் அவ்வளவுதான்.

காட்டுப்பாதை

கேமராக்காரர் பெரிய லென்ஸ் வைத்துக்கொண்டு 100 கஜத்தில் இருந்தே படம் எடுத்துவிடலாம். துப்பாக்கி இருந்தால்தான் சேவல் 40 கஜத்துக்குள் வந்தாக வேண்டும் என்கிற கட்டாயம். இப்போது டங்ஸ்டன் உலோகத்தில் செய்த சிறு குண்டுகள் வந்து அந்தக் கணக்கையும் சிலர் 60 வரை இழுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அது வேறு கதை.

அப்புறம், துப்பாக்கி இருக்கும்போதுதான் 'சுடலாமா, வேண்டாமா' என்ற கேள்வியே வருகிறது. கேமராவை வைத்துக்கொண்டு 'நான் சுடவில்லை' என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. சேவல் பக்கத்தில் வந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தலை ஒரு நொடி சிவப்பு, மறு நொடி வெள்ளையும் நீலமும். இறக்கை நுனி காய்ந்த சருகில் சரசரவென்று உரசும். 'ட்ர்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும், அது காதில் கேட்பதைவிட நெஞ்சில் தெரியும். 80 கஜத்தில் இருக்கும்போது அது சரியாகக் கேட்காது.

சுகன்யா (ஓஹையோ)

நான் வேட்டைக்காரி இல்லை, பறவை பார்க்கிறவள். இரண்டு பேருமே சேவலைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், பெட்டையைப் பற்றி யாருமே பேசவில்லை. மே மாதத்தில் அது தரையில் பத்துப் பன்னிரண்டு முட்டைமேல் 28 நாள் அடைகாக்கிறது. நீங்கள் சேவலைத் தேடிப் புதருக்குள் நடந்தால் அது எழுந்து ஓடும். அடைகாக்கத் தொடங்கிய புதிதில் விரட்டினால் கூட்டையே கைவிடவும் கூடும். ரக்கூனும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே 'நான் சுடவில்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை' என்று காட்டுப்பாதை சார் நினைத்தால், அது அவ்வளவு சுத்தமான கணக்கு இல்லை. சுட்டுவிட்டு ஏழு மணிக்கே வீட்டுக்குப் போகிறவர் ஒருவேளை உங்களைவிடக் குறைவாகத் தொந்தரவு செய்திருப்பார்.

ஜார்ஜியா மணி

மேடம் சொன்னதைக் கல்வெட்டில் பொறிக்கலாம்!

பழைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1930களில் அமெரிக்கா முழுக்க இரண்டு லட்சம் காட்டு வான்கோழிகூட மிஞ்சவில்லை என்பார்கள். காட்டை வெட்டியதும், கணக்கில்லாமல் சுட்டதும் காரணம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே இருந்த வரிப் பணத்தை மாநில வனவிலங்குத் துறைகளுக்குக் கொடுக்க 1937ல் சட்டம் வந்தது. முதலில் பண்ணையில் வளர்த்த கோழியைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிறகு 1950களில் வெடிமருந்தால் வலையை வீசிக் காட்டுக் கோழிகளையே பிடித்து, இல்லாத மாநிலங்களில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படித்தான் எண்ணிக்கை பல லட்சமாக ஏறியது. சுடுகிறவன் கொடுத்த காசில் திரும்பி வந்த பறவை இது. அவனைப் பார்த்து 'நான் சுடாமல் ரசிப்பவன்' என்று ஒரு படி மேலே நின்று பேசுவதுதான் எனக்கு எரிச்சல்.

காட்டுப்பாதை

மேலே நிற்கவில்லை மணி. லைசன்ஸுக்கு நானும் உங்களைப்போலத்தான் பணம் கட்டுகிறேன். தோட்டாப் பெட்டியில் இருக்கும் 11 சதவீத வரி, நான் சுட்டாலும் சுடாவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பெட்டி தீர நாளாகிறது, அவ்வளவே வித்தியாசம்.

சுகன்யா சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: வான்கோழி வேட்டையில் கூவல் வந்த பக்கம் பதுங்கிப் போவதே தப்பு. அந்தக் கூவல் இன்னொரு வேட்டைக்காரனின் கருவியாகவும் இருக்கலாம், ஆள்மீது சுட்ட விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே உட்காருகிறவன் கூட்டை மிதிப்பது குறைவு.

உங்கள் ஜார்ஜியாவையே எடுத்துக்கொள்வோம். 2022ல் ஒரு சீசனுக்கு மூன்று சேவல் என்றிருந்த வரம்பை இரண்டாக்கினார்கள். ஏன்? எண்ணிக்கை சரிகிறது. சீசன் ஆரம்பத்திலேயே கூட்டத்தின் பெரிய சேவலை எடுத்துவிட்டால் இனப்பெருக்கம் குழம்புகிறதா என்று ஆராய்ச்சியாளர்களே கேட்கிறார்கள். அப்படியிருக்க, ஒருத்தன் விட்டுவைப்பதில் என்ன குறை?

ஜார்ஜியா மணி

அது சீசன் எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எத்தனை டேக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி. துறை முடிவு செய்யும், நான் கட்டுப்படுகிறேன். வரம்பு குறைந்தபோது எங்கள் ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு, நான் இல்லை. ஆனால் பொதுக்காட்டில் நீங்கள் ஏழு மணிக்கு விட்ட சேவலைப் பத்து மணிக்கு இன்னொருத்தர் சுடுவார். நீங்கள் காப்பாற்றியது கோழியை இல்லை, உங்கள் மனசை.

காட்டுப்பாதை

காப்பாற்றினேன் என்று நான் எங்கே சொன்னேன்? எனக்குத் திருப்தியாக இருந்தது என்றுதான் சொன்னேன்.

புதுசு_25 (நியூ ஜெர்சி)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த வருடம்தான் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்தேன். ஒரு சந்தேகம். சேவல் பக்கத்தில் வந்து, சுடாமல் விட்டால் திருப்தி, சரி. அது வரவே இல்லை என்றால்? அந்த நாளும் திருப்திதானா? இல்லை, அதற்குப் பேர் வெறுங்கையா?

காட்டுப்பாதை

நல்ல கேள்வி. வெறுங்கைதான். எனக்கும் அன்றைக்கு முகம் தொங்கிப்போகும். ஆனால் வேறுவிதமான வெறுங்கை. இருட்டில் ஆந்தை மாதிரி ஊதினால், மரத்தில் தூங்கும் சேவல் பதறிப்போய் பதில் கூவும். அதை வைத்து இடம் குறித்துக்கொண்டு, சத்தமில்லாமல் 150 கஜம் வரை நெருங்கி உட்கார்ந்து, அது இறங்கியதும் பெட்டைகளோடு எதிர்ப்பக்கம் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு எங்கே உட்காருவது என்று தெரிந்துவிடும். ஒன்றும் நடக்காத நாளை நல்ல நாள் என்று நான் சொல்லவில்லை. சேவல் வந்த நாளையும் வராத நாளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன்.

ஜார்ஜியா மணி

வராத நாளில் எனக்குக் கோபம்தான் வரும், பொய் சொல்ல மாட்டேன். அதோடு உண்ணியும் கடிக்கும்.

அண்ணே, உங்களுக்குக் கூப்பிடுவதுதான் வேட்டை, எனக்குக் கறிதான் வேட்டை. அப்படியென்றால் அடுத்த சீசனில் இந்தத் தம்பியை அழைத்துப் போங்கள். நீங்கள் கூப்பிடுங்கள், அவர் சுடட்டும். நிறையப் பேர் தங்கள் டேக் முடிந்த பிறகு அப்படித்தான் செய்கிறார்கள். கூப்பிடுகிறவருக்கும் லைசன்ஸ் வேண்டுமா என்று மட்டும் உங்கள் மாநில விதியில் பார்த்துவிடுங்கள்.

காட்டுப்பாதை

எனக்குச் சம்மதம். தம்பி, சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கைக்குட்டைகூட வேண்டாம், சேவல் தலையின் நிறம் அதுதான். நான் சொல்கிற வரை விசையில் விரல் போகக் கூடாது.

சுகன்யா

கூடவே, வழியில் பெட்டை திடீரென்று காலடியில் பறந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். மொபைலை நீட்டிக்கொண்டு முட்டையைத் தேடாதீர்கள்.

புதுசு_25

வருகிறேன் சார்! ஒரே கேள்வி. நான் சுட்டுவிட்டால் சுத்தம் பண்ணுவது யார்?

ஜார்ஜியா மணி

சுட்டவர்தான், வேறு யார்? எல்லாரும் நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். கடைக் கோழி மாதிரி நினைக்காமல், கால் நரம்பைப் பிடுங்கி எடுத்துவிட்டு, மிளகு தூக்கலாகப் போட்டுக் குக்கரில் ஆறேழு விசில் விடுங்கள். அண்ணனுக்கும் ஒரு டிபன் பாக்ஸ் அனுப்புங்கள், அதையும் வேண்டாம் என்கிறாரா பார்ப்போம்.