மீண்டும் திறந்த ஸ்காட்ச் ஆலைகளை எப்படி வகைப்படுத்துவது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்ச் விஸ்கி ஆலைகளை இயங்குபவை, மூடியவை, மீண்டவை என்று பட்டியலிடுகிறோம். மீண்டவற்றில்தான் சிக்கல். புரோரா, போர்ட் எலன் இரண்டும் 1983-இல் மூடப்பட்டவை. 2021-இல் திறந்த புரோராவில் பழைய செம்பு வடிகலன்கள் இரண்டையுமே செப்பனிட்டுப் பொருத்தினார்கள். 2024-இல் திறந்த போர்ட் எலனின் முதன்மைக் கலன்கள் பழைய வடிவில் செய்த புதுக் கலன்கள். 1993-இல் மூடிய ரோஸ்பேங்கிலோ கலன்களே திருடுபோயின; பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாகச் செய்து, மும்முறை வடிப்பைத் தொடர்கிறார்கள். கலனின் உயரமும் கழுத்துச் சரிவும் மாறினாலே விஸ்கிச் சுவையின் கனம் மாறிவிடும். அதனால் மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைக்க மனம் வரவில்லை. 'அசல் கலன், நகல் கலன்' என்று தனிப் பத்தி போடலாமா? மீண்ட ஆண்டாக எதைக் கொள்வது? ரோஸ்பேங்கில் வடிப்பு தொடங்கியது 2023, பார்வையாளருக்குத் திறந்தது 2024. லின்லித்கோ ஊரில் மூடிய செயின்ட் மாக்டலீன் ஆலை குடியிருப்பாகிவிட்டது, அதில் குழப்பமில்லை. கட்டடம் நின்றும் கிடங்காக மட்டும் பயன்படும் கான்வல்மோர் ஆலையை எங்கே வைப்பீர்கள்?