அப்டேட்: தங்கச்சியோட கவுன்சில் பென்ஷன் விஷயம்

போன தடவை எழுதினது இதான், தங்கச்சி லண்டன்ல ஒரு கவுன்சில் ஸ்கூல் கிச்சன்ல பார்ட் டைம் வேலை, கைக்கு வர்ற சம்பளம் பத்தலன்னு லோக்கல் கவர்ன்மென்ட் பென்ஷன்ல (கவுன்சில் ஊழியர்களுக்கான பென்ஷன் திட்டம்) இருந்து மொத்தமா வெளிய வரப்போறேன்னு நின்னா. வரல! கமெண்ட்ல ஒருத்தர் சொன்ன 50/50 செக்‌ஷனுக்கு மாறிட்டா. சம்பளத்துல பென்ஷனுக்குப் பிடிக்கிறதுல பாதி கட்டினா போதும், சேர்ற பென்ஷனும் பாதிதான், ஆனா வேலையில இருக்கும்போது இறந்துட்டா குடும்பத்துக்கு வர்ற மூணு வருஷ சம்பளம் குறையாது, உடம்பு முடியாம போனா கிடைக்கிற பாதுகாப்பும் முழுசாவே இருக்கு, கவுன்சிலும் அதோட பங்கை முழுசா கட்டியே ஆகணும். முழு செக்‌ஷன்ல வருஷ சம்பளத்துல 49-ல ஒரு பங்கு பென்ஷனா சேரும், அதாவது 19,600 பவுண்ட் சம்பளத்துல ஒரு வருஷம் வேலை பார்த்தா, பின்னாடி வருஷா வருஷம் வர்ற பென்ஷன்ல 400 பவுண்ட் கூடும், அதுவும் ஆயுசு முழுக்க, விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏறும். இதை விட்டுட்டு வர்றவங்கள்ல கம்மி சம்பளக்காரங்கதான் எனக்கு ரொம்ப கவலை, அவங்களுக்குத்தான் இது அதிகமா தேவை.

ஒண்ணு கவனிங்க, சுமார் 3 வருஷத்துக்கு ஒரு தடவை கவுன்சில்காரங்களே திரும்ப முழு செக்‌ஷன்ல போட்டுடுவாங்க, பாதியே வேணும்னா மறுபடி ஃபார்ம் குடுக்கணும். தங்கச்சி அப்போ முழுசாவே இருக்கேன்னு சொல்லியிருக்கா.