காது இருக்கிறதா? பழைய ஜாஸ் ரெக்கார்டு வாங்கிய கதைகள்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து

நான் குடியிருக்கும் எடிசனிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் நார்த் ப்ளெயின்ஃபீல்டு போய்விடலாம். 1950களிலும் 60களின் முதல் பாதியிலும் ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனியின் எல்.பி.க்கள் அங்கேதான் அச்சாயின, ப்ளாஸ்டிலைட் என்ற ஆலையில். ஒலிப்பதிவு நடந்ததும் இந்த மாநிலத்தில்தான். ஹாக்கென்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் அப்பா அம்மா வீட்டு ஹாலே ஸ்டுடியோ. மனிதருக்குப் பிழைப்பு கண் பரிசோதனை. மற்ற நேரத்தில் ஹாலில் மைக் நிறுத்துவார். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டுடியோ கட்டிக்கொண்டு போனார். உலகமே தேடும் இந்தத் தட்டுகள் எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. இங்கே வீட்டைக் காலி செய்து விற்கிறவர்களிடம் அவை இன்னும் எப்போதாவது தலைகாட்டும்.

காது என்று சேகரிப்பவர்கள் சொல்வது ப்ளாஸ்டிலைட்டின் குறியைத்தான். பாட்டு முடிந்ததும் முள் ஓடுமே, லேபிளைச் சுற்றிய அந்த வெற்று வளையத்தில் ஆங்கில 'பி'யைச் சுழித்து எழுதியதுபோல் ஒரு சின்னக் கீறல் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும். அதே வளையத்தில் ஆர்.வி.ஜி. என்று வான் கெல்டர் பெயரின் முதலெழுத்துகளும் இருந்தால், அச்சுக்கு மூலமான மாஸ்டர் தட்டை அவரே வெட்டினார் என்று அர்த்தம். 1965இல் லிபர்ட்டி கம்பெனி ப்ளூ நோட்டை வாங்கியது. அடுத்த வருடம் அச்சு வேலை வேறு ஆலைகளுக்குப் போனது, காதும் போனது. ஆனால் மிச்சமிருந்த பழைய லேபிள், பழைய உறை எதையும் லிபர்ட்டி வீணாக்கவில்லை. அதனால் லேபிளை மட்டும் பார்த்து வருஷம் சொல்ல முடியாது.

இப்போது கதைக்கு வருகிறேன். போன கோடையில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் பத்துப் பன்னிரண்டு பெட்டி ரெக்கார்டு. தட்டு ஒன்றுக்கு இரண்டு டாலர். கிறிஸ்துமஸ் பாட்டும் ஹெர்ப் ஆல்பர்ட்டும்தான் பாதிக்கு மேல் (அமெரிக்காவில் ஹெர்ப் ஆல்பர்ட் இல்லாத பழைய பெட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை). கடைசிப் பெட்டியில் ப்ளூ நோட் ஒரு கொத்து. நான் ஒவ்வொன்றாக உருவி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பதை அந்த வீட்டுப் பெண்மணி கவனித்துவிட்டார். ரெக்கார்டுகள் அவருடைய அப்பாவுடையவை.

"அப்படி என்ன தேடுறீங்க?" என்றார்.

காட்டினேன். பொய் சொல்லி வாங்க மனசு வரவில்லை. டிரம்பெட்காரர் லீ மார்கனின் 'சைட்வைண்டர்' தட்டில் காது பளிச்சென்று தெரிந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், தம்பியைக் கூப்பிட்டார், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மிச்சத்தையும் சாய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கால் மணி நேரத்தில் என்னைவிட வேகமாகக் காது கண்டுபிடித்தார்கள். காது உள்ளதெல்லாம் ஒரு பக்கம் போனது. "இதெல்லாம் விற்பனைக்கில்லை. அது வேணும்னா எடுத்துக்கோங்க, அதே இரண்டு டாலர்தான்" என்று காதில்லாத அடுக்கை என் பக்கம் தள்ளினார்.

அதில் சாக்ஸ்காரர் ஹாங்க் மோப்லியின் 'சோல் ஸ்டேஷன்' இருந்தது. லிபர்ட்டி காலத்து அச்சு, ஆனால் ஆர்.வி.ஜி. முத்திரை உண்டு. 1960 பிப்ரவரியில் வான் கெல்டர் பதிவு செய்து வெட்டியதுதான் என் தட்டிலும் இருக்கிறது. டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் சிம்பல் மணிமணியாகக் கேட்கிறது. காதுள்ள பிரதியை ஒரு நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன். வித்தியாசம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் விலையில் இருக்கும் வித்தியாசம் சத்தத்தில் இல்லை. கேட்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் காதில்லாத, ஆர்.வி.ஜி. உள்ள தட்டைத் தேடுங்கள்.

டோக்கியோவிலிருந்து

ஆர்.வி.ஜி. கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த பேஸ்மென்ட் கதை இங்கே நடக்காது. டிஸ்க் யூனியன் கடைகளில் காது உண்டா, லேபிளில் கம்பெனியின் எந்த முகவரி, உறையின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார்கள். பேரம் கிடையாது. ஜப்பான் அச்சுகளுக்கு உறையின் ஓரத்தில் 'ஒபி' என்ற காகிதப் பட்டை சுற்றியிருக்கும். அது இல்லாவிட்டால் அதற்கும் விலை குறையும்.

நான் சொல்ல வந்தது ஒரு ஜாஸ் கிஸ்ஸாவைப் பற்றி. கிஸ்ஸா என்றால் ஜாஸ் தட்டு போடும் காபிக்கடை. வெளிநாட்டு எல்.பி. சாமானியர்களுக்கு எட்டாத காலத்தில், ஒரு காபி வாங்கிவிட்டு மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டு உட்காரலாம் என்றுதான் இவை பெருகின. யோகோஹாமாவின் சிகுசா 1933லேயே வந்தது. நான் போகும் கடையில் பத்து நாற்காலிகூடத் தேறாது. பேச்சு கூடாது. ஓடும் தட்டின் உறையைக் கல்லாவுக்கு மேல் நிறுத்தி வைப்பார்கள். ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த தட்டு.

பியானோக்காரர் ஸனி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். 1958 ஜனவரியில் பதிவானது. அமெரிக்காவில் அப்போது சரியாகப் போகவில்லை, கிளார்க்கும் 1963இல் 31 வயதில் இறந்துவிட்டார். ஜப்பானிலோ அது கோயில் உற்சவர் மாதிரி, வீட்டுக்கு வீடு வரும். சுவரில் ஒரிஜினல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கடைக்காரப் பெரியவர் அதைத் தொடவே இல்லை. 1970களின் கடைசியில் கிங் கம்பெனி இங்கே அச்சிட்ட பிரதியை எடுத்துப் போட்டார். ஜாக்கி மெக்லீனின் சாக்ஸ் தொடங்கியதும் கடையில் இருந்த எல்லோர் தலையும் லேசாக ஆடியது.

கிளம்பும்போது சுவரைக் காட்டி ஏன் என்று கேட்டேன். "தினமும் யாராவது இதைத்தான் கேட்பாங்க. எங்க அப்பா காலத்துலயே அது தேஞ்சு போச்சு" என்றார். கிங் பிரதியே மூன்றாவதாம்.

சென்னையிலிருந்து

எடிசன் சார், உங்களுக்கு இரண்டு டாலர். எனக்குத் தபால் செலவே தட்டு விலையைத் தாண்டிவிடும். அதைவிட ஒரு விஷயத்தை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் 'புதுசு மாதிரி' என்று போட்டிருந்தார். வந்த தட்டு பளபளவென்றுதான் இருந்தது, ஒரு கீறல் இல்லை. ஓடவிட்டால் டிரம்பெட் ஏறும் இடமெல்லாம் கரகரவென்று உடைகிறது. அந்தக் காலத்துக் கனமான முள் வரிப்பள்ளத்தையே அரைத்துவிட்டிருக்கிறது. இது கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது. கண்ணால் பார்த்துத் தரம் போட்டாரா, ஓடவிட்டுக் கேட்டாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள்.

நான் விடாமல் தேடி வாங்கியது ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா'. கொலம்பியா தட்டு, லேபிளில் கண் மாதிரி ஆறு சின்னங்கள் உள்ள பழைய அச்சு. 1958இல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் புரூபெக் குழு மெட்ராஸுக்கும் வந்தது. டிரம்மர் ஜோ மொரெல்லோ இங்கே பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார். ஊர் திரும்பிய சூட்டோடு பதிவு செய்த ரெக்கார்டு இது. கடைசிப் பாட்டின் பெயரில் கல்கத்தாதான் இருக்கிறது, நம் ஊர் இல்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. இருந்தாலும் மொரெல்லோவை அதில் கேட்டுப் பாருங்கள், பழனியின் மிருதங்கத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனவர் அவர்.

என்னுடையது மோனோ, ஸ்டீரியோ இல்லை. மோனோவுக்கென்று தனி கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய தலைப்பகுதி) போட்டால் இரைச்சல் குறையும் என்கிறார்கள். டோக்கியோ நண்பரே, அந்தப் பெரியவர் என்ன போடுகிறார் என்று அடுத்த தடவை பார்த்து எழுதுவீர்களா?