வேண்டுதல் என்று சொல்லிவிட்டுப் பூநாரை பார்த்த நாள்

தங்கச்சிமடத்து அம்மா:
நமக்குப் பிடித்ததைச் செய்ய நேரம் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு, நேரமே கிடைக்கவில்லை என்றுதான் இங்கே எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நேரம் கிடைத்தது, ஆனால் அதற்குப் பொய் சொன்னேன். இன்னும் உறுத்துகிறது.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. அவர் கடலுக்குப் போயிருந்தார், பிள்ளைகள் டியூஷனில். குழம்பை வைத்து மூடிவிட்டு, அண்ணன் மகனிடம் இரவல் வாங்கிய பைனாகுலரைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு தனுஷ்கோடி பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் எங்கள் தெரு ஆச்சி. "என்ன தாயி, தனியா எங்க?" கேட்டதில் தப்பே இல்லை. பறவை பார்க்கப் போகிறேன் என்று மட்டும் வாயில் வரவில்லை. "கோதண்டராமர் கோயிலுக்கு ஆச்சி, ஒரு வேண்டுதல்" என்றேன்.

ஆச்சி உடனே சுருக்குப்பையை அவிழ்த்தார். நாலாக மடித்த பத்து ரூபாயை எடுத்து, "எம் பேரன் பேருக்கும் ஒரு சூடம் ஏத்திரு" என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

சொன்ன வாய்க்கு அங்கேயே இறங்கினேன். 1964 புயலிலும் நின்ற கோயில். போகிற வழியில், ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்து அரித்துத் தின்கின்றன. ஒன்று சிறகை விரித்தபோது உள்ளே அத்தனை சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. அப்படியே நின்றுவிட்டேன். டியூஷன் விடுகிற நேரம் ஞாபகம் வந்ததும் பஸ்ஸுக்கு ஓடினேன். சூடம் ஏற்ற வழியெல்லாம் கோயில் உண்டு, ஆனால் வீட்டுக்கு வந்துதான் அந்த நோட்டு கையில் தட்டுப்பட்டது.

பாசி எடுக்கிற வீட்டு மகள்:
அக்கா, கோபமாக எழுதவில்லை. ஆனாலும் பஸ் ஏற ஒரு சனிக்கிழமை இருந்ததே உங்களுக்கு. என் அம்மா பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போனவர். மாதம் 12 நாள்தான் கடல் என்று பாசி எடுக்கிற பெண்களே கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மற்ற நாளில் ஓய்வு என்று நினைக்காதீர்கள், தண்ணி, விறகு, நாங்கள் மூன்று பேர்.

அந்த அம்மா ராத்திரியில் ஓலைக் கொட்டான், அதாவது சின்னக் கூடை, பின்னுவார். பாறையில் கிழியாமலிருக்க விரலில் துணி சுற்றித்தான் பாசி எடுப்பார்கள், அப்படியும் கிழியும். அந்த விரலோடுதான் ஈர ஓலையை மடிப்பார். ஒருநாள் முக்கால்வாசி முடித்த கொட்டானில் ஒரு மடிப்பு கோணல். யாருக்கும் தெரியாது. மொத்தத்தையும் பிரித்துப் போட்டார். "யாரு பாக்கப் போறா, விடும்மா" என்றேன். "நான் பாக்குறேன்ல" என்றார். இப்போது அம்மா இல்லை. பின்னக் கற்றுக்கொள்ளவில்லையே என்று விளக்கை அணைக்கும்போதெல்லாம் வருகிறது.

கீழக்கரை லாத்தா:
நான் எம்ப்ராய்டரி போடுவேன், பிள்ளை பிறந்ததும் விட்டேன், மூத்தவள் கல்லூரிக்குப் போனதும் திரும்ப எடுத்தேன். என் கதை அவ்வளவுதான். பாசி வீட்டுத் தங்கச்சி, யாருக்கு அதிகக் கஷ்டம் என்று அளந்தால் நம்மில் ஒருத்திக்கும் ஊசி பிடிக்கக்கூட உரிமை இருக்காது. உங்கள் அம்மா அப்படி அளக்கவில்லையே.

தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்குச் சில விஷயம். இரவல் வேண்டாம், சீட்டுப் பணம் விழுந்தால் சொந்தமாக ஒரு பைனாகுலர் வாங்குங்கள். 8x42 என்று கேளுங்கள் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.), பெரிது என்று 10x50 வாங்கினால் கனத்தில் கை ஆடும். பூநாரைக்குக் குளிர்காலம்தான், மே மாதம் போய் அலையாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மச்சான் கரையில்தானே இருப்பார்? வாரம் ஒரு காலை பிள்ளைகளை அவரிடம் விட்டுப் பழக்குங்கள். முதல் வாரம் பால் பொங்கி அடுப்பு நாறும். நாறட்டும், திரும்பி ஓடி வராதீர்கள். தடைக்காலத்தில் பழகினால்தான் ஜனவரியில் கேட்க முடியும். அப்புறம், ஆச்சியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

தங்கச்சிமடத்து அம்மா:
சொல்லிவிட்டேன் லாத்தா. பறவையைப் பற்றி ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப சூடம் ஏத்தலியா?" என்று அதற்குத்தான் முகம் வாடினார். சனிக்கிழமை அவரும் வருகிறாராம். முழங்கால் வலிக்காரரை பஸ் நிற்கிற இடத்திலிருந்து கோயில் வரை எப்படி நடத்திக் கூட்டிப் போவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.