கட்டளை அமர்வுகளின் பதிவை உடனுக்குடன் வேறு சர்வருக்கு அனுப்புவது எப்படி?

பாலாற்றங்கரை (வேலூர்):

வணக்கம். சத்துவாச்சாரியில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து 11 லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சில ராணிப்பேட்டைத் தோல் ஆலையிலும் சில ஆம்பூர் காலணித் தொழிற்சாலையிலும் இருக்கின்றன. என் கவலையெல்லாம் ராணிப்பேட்டையில் உள்ள ஒரு சர்வரைப் பற்றித்தான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவீடுகள் அதில்தான் சேருகின்றன. தோல் ஆலைக் கழிவு பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ளான ஊர் இது. இங்கே அந்த எண்களுக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால், மூன்று நாள் அளவீடுகளைக் காணவில்லை. யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று தேடினேன். அந்த சர்வரிலேயே இருந்த லாக் எனும் பதிவுக் கோப்பும் காலியாகக் கிடந்தது. உள்ளே நுழைந்திருந்தது ஒரு பொதுக் கணக்கு. அதன் கடவுச்சொல் வெளி ஒப்பந்த நிறுவனத்தார் நால்வருக்குத் தெரியும். எங்கள் இரவுப் பணித் தம்பிக்கும் தெரியும். பழி தம்பியின் மேல் விழுந்தது. வாலாஜாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். விடுப்பு நாளிலும் அளவீடு வந்து சேர்ந்ததா என்று தொலைபேசியில் கேட்கிறவன். அவன் செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடிந்தது, காட்ட முடியவில்லை. அவனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

பம்பு அறையில் கையால் எழுதும் நோட்டு இருந்ததால் அளவீடுகளைத் திரும்ப ஏற்றினோம். தம்பிக்கு அப்படி ஒரு நோட்டு இல்லை.

ஆகவே, ஒருவர் ரூட் உரிமையோடு (சர்வரின் முழு நிர்வாக உரிமையோடு) செய்வதெல்லாம் அப்போதைக்கப்போதே வேலூர் சர்வருக்கு வந்துவிட வேண்டும். கட்டளைகளைத் தட்டும் ஷெல்லான பாஷின் வரலாற்றை, ஒவ்வொரு கட்டளைக்கும், சிஸ்லாக் என்ற பதிவுச் சேவை வழியாக அனுப்பிப் பார்த்தேன். ஷெல்லில் உள்ள ஒரு மாறியை (அமைப்பு மதிப்பை) அழித்தால் அது நின்றுவிடுகிறது. இதைவிட உறுதியான வழி எது? மழைக்காலத்தில் ராணிப்பேட்டை இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அப்போது சர்வருக்குள் வேலை செய்ய முடியாமல் போய்விடுமா? தட்டச்சு செய்யும் கடவுச்சொற்களும் பதிவாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

குடியாத்தத்துக்காரர்:

சகோதரி, ரூட் உரிமையோடு கட்டளைகளை இயக்க உதவும் சூடோவில் இதற்கென்றே வசதி இருக்கிறது. 2020-இல் வந்த 1.9.0 பதிப்பிலிருந்து சூடோவோடு ஒரு லாக் சர்வரும் சேர்ந்தே வருகிறது. வேலூரில் அதை ஓடவிடுங்கள். ஆலை சர்வர்களில் சூடோயர்ஸ் என்ற சூடோவின் அமைப்புக் கோப்பில், திரை வெளியீட்டைப் பதியும் 'லாக்_அவுட்புட்' என்பதை இயக்கி, 'லாக்_சர்வர்ஸ்' என்ற இடத்தில் வேலூர் முகவரியைக் கொடுங்கள். மறையாக்கம் இல்லாமல் அனுப்ப 30343, டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தோடு அனுப்ப 30344 போர்ட். உங்களுக்கு இரண்டாவதுதான் வேண்டும். உங்கள் லினக்ஸில் உள்ள சூடோ டிஎல்எஸ் சேர்த்துத் தொகுக்கப்பட்டதா என்பதை ரூட்டாக 'சூடோ -வி' (பெரிய எழுத்து வி) கொடுத்து முதலில் பார்த்துவிடுங்கள்.

இதில் பதிவாவது கட்டளையின் பெயர் மட்டுமல்ல. திரையில் ஓடியது முழுவதும், எந்த நொடியில் எது வந்தது என்பது உட்படப் பதிவாகும். 'சூடோரீப்ளே' கொண்டு அதே வேகத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். ஒருவர் சூடோ வழியாக ரூட் ஷெல்லுக்குள் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரமும் இருக்கும். 1.9.8 முதல், ஷெல்லுக்குள் இருந்து இயக்கிய ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியாகக் குறிக்கவும் முடியும்.

ரூட் உரிமை உள்ளவர் சூடோயர்ஸ் கோப்பைத் திருத்திப் பதிவை நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தலாம்தான். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்ததும் திருத்தியதும் அதற்குள் வேலூருக்கு வந்து சேர்ந்திருக்கும். போய்ச் சேர்ந்ததை அங்கிருந்து அவரால் அழிக்க முடியாது. அதனால் வேலூர் சர்வரின் ரூட் கடவுச்சொல் ஆலையில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

இணைப்பு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். லாக் சர்வருக்கு எழுத முடியாவிட்டால் சூடோ அந்தக் கட்டளையை நிறுத்திவிடும். இயல்பான அமைப்பு அதுதான். நள்ளிரவில் இணைப்பு அறுந்து, பம்பு நின்று, தம்பி சூடோ கொடுத்து, அது மறுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 'இக்னோர்_ஐஓலாக்_எரர்ஸ்' என்பதை இயக்கினால் கட்டளை ஓடும், பதிவு இருக்காது. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேபிளைப் பிடுங்கிவிட்டு யாரும் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடும்.

1.9.7-இல் வந்த ரிலே வசதிதான் உங்களுக்குப் பொருந்தும். ஆலையிலேயே ஒரு சிறு கணினியில் இன்னொரு லாக் சர்வரை வைத்து, 'ஸ்டோர்_ஃபர்ஸ்ட்' என்பதை இயக்குங்கள். அது முதலில் தன்னிடம் எழுதிக்கொள்ளும், இணைப்பு திரும்பியதும் வேலூருக்கு அனுப்பும். அளவீட்டு சர்வரும் இதுவும் ஒரே பெட்டியாக இருக்கக் கூடாது. சாவி வேறு ஆளிடம் இருக்கும் அறையில் வைத்தால் இன்னும் நல்லது.

ஆம்பூர் மின்னி:

அக்கா, நானும் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே வேலைதான் பார்க்கிறேன். கடவுச்சொல் பற்றி மட்டும் சொல்கிறேன். 'லாக்_இன்புட்' என்பதை இயக்காதீர்கள். வெளியீட்டை மட்டும் பதிந்தால், திரையில் தெரியாமல் தட்டும் கடவுச்சொல் பதிவில் வராது. உள்ளீட்டையும் பதிந்தே ஆக வேண்டுமென்றால், கடவுச்சொற்களை மறைக்கும் அமைப்பு சூடோ 1.9.10-இல்தான் வந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04-இல் இருப்பது சூடோ 1.9.9. உபுண்டு 20.04 என்றால் 1.8.31; அதில் லாக் சர்வருக்கு அனுப்பவே முடியாது.

கடவுச்சொல்லை யாராவது கட்டளை வரியிலேயே எழுதினால் அது திரையில் தெரியும், பதிவிலும் இருக்கும். அந்தப் பழக்கத்தை முதலில் விடச் சொல்லுங்கள். திரை பதிவாகிறது என்பதை எல்லோருக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள். தெரியாமல் பதிவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காட்பாடி சந்திப்பு:

அந்தப் பொதுக் கணக்கு இருக்கும்வரை இவ்வளவும் செய்து பயனில்லை. ஐந்து பேருக்கு ஒரே பெயர் என்றால் திரையைத் திரும்ப ஓட்டினாலும் முகம் தெரியாது. ஆளுக்கொரு கணக்கு கொடுத்து, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நேரடி ரூட் நுழைவை மூடுங்கள். சூடோவைத் தொடாத நுழைவு எதையும் இந்தப் பதிவு பிடிக்காது.

கடிகாரங்களையும் சரிபாருங்கள். மூன்று ஊர் சர்வர்களும் மூன்று நேரம் காட்டினால் எது முன், எது பின் என்றே சண்டை வரும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்த நேர சர்வரோடு இணைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. நிர்வாகத்திடம் வட்டு வாங்கப் பணம் கேட்கும்போது அந்த உத்தரவை அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.

பாலாற்றங்கரை (வேலூர்):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மூவருக்கும் நன்றி.

பொதுக் கணக்கை நீக்கியதற்குத்தான் பெரிய எதிர்ப்பு வந்தது. ஒப்பந்த நிறுவனத்தார் இரண்டு முறை நேரில் வந்து பேசினார்கள். நான் இறங்கிவரவில்லை. இப்போது ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு எஸ்எஸ்எச் சாவி. ரிலே கணினியை ஆலைக் கணக்குப் பிரிவின் பூட்டிய அறையில் வைத்தோம். சென்ற வியாழக்கிழமை நானே போய் வேலூர் இணைப்பின் கேபிளை 40 நிமிடம் பிடுங்கிவைத்தேன். சூடோ மறுக்கவில்லை. திரும்பச் செருகியபின், இடையில் நடந்த இரண்டு அமர்வுகளும் ஓர் எழுத்துக் குறையாமல் வேலூரில் வந்து நின்றன.

ஆரம்பத்தில் ஒரு தவறு செய்தேன். யாரோ ஓடும் லாக் கோப்பை, புதிய வரிகளைத் தொடர்ந்து காட்டும் 'டெயில்' கட்டளையில் இரவெல்லாம் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த வெளியீடு முழுவதும் பதிவாகி வட்டை அடைத்தது. அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் வெளியீட்டுப் பதிவை விலக்கிவிட்டேன்.

அறிவிப்பை எழுதி ஒட்டினேன். முதலில் படித்துவிட்டு என்னிடம் வந்தவன் தம்பிதான். தன் அமர்வுகளைத் தானே பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டான். பதிவுகளைத் திறக்க என்னையும் ஒரு மேலாளரையும் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் மாலை என் மேசையில் அவன் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். இரவுப் பணிக்குத் திரும்பிவிட்டான்.

ஆம்பூரில் ஒரு சர்வர் இன்னும் உபுண்டு 20.04-இல் இருக்கிறது. வரும் ஞாயிறு அதை மேம்படுத்தப் போகிறேன்.