புதுப்பிப்பு: நண்பனிடம் கார்டு கொடுத்த விவகாரம்

என் ஷாப்பிங் கணக்கையும் அதில் சேமித்திருந்த கார்டையும் நண்பன் பயன்படுத்த விட்டேன், நான் சம்மதிக்காத பொருட்களையும் வாங்கிவிட்டான் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "மோசடி என்று புகார் கொடு" என்றீர்கள் பலர். நல்லவேளை, கொடுக்கவில்லை.

வங்கியில் கேட்ட முதல் கேள்வியே, "ஓடிபியை யார் சொன்னது?" நான்தான், போனில் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன். அப்படியானால் அதை என் அனுமதியோடு நடந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். ஓடிபியைப் பகிர்ந்ததே கார்டு ஒப்பந்தத்தை மீறிய செயல். வாங்கியது யார் என்று தெரிந்தும் "யாரோ திருடிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுத்தால், பொய்ப் புகார் கொடுத்த குற்றம் என் தலையில் விழும். இதைக் கேட்டதும் உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அப்புறம் அவனிடம் நேராகப் பேசினேன். தொகையைக் குறிப்பிட்டு, தவணையில் தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்தான். ஆதாரமாக அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

ஷாப்பிங் கணக்கில் எனக்குத் தெரியாத இன்னொரு போனும் உள்நுழைந்திருந்தது. கடவுச்சொல்லை அவன் தம்பிக்கும் கொடுத்திருக்கிறான்! அந்தப் பையன் ஏதாவது தப்பாக ஆர்டர் செய்திருந்தால், விசாரணை முதலில் என்னைத் தேடித்தான் வந்திருக்கும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, கார்டையும் நீக்கிவிட்டேன். முதல் தவணை நேற்று வந்தது.